மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் போதும், புறப்படு!

1979 மே 2ஆம் திகதி கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றிச் சைக்கிள் மிதிக்கத் தொடங்கினார் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன். இறங்கியது 10ஆம் திகதி. இடையில் 187 மணித்தியாலமும் 28 நிமிடமும் அந்தச் சில்லுகள் உருண்டுகொண்டே இருந்தன. ஓடி முடித்த தூரம் 1,487 மைல், அதாவது 2,390 கிலோமீற்றருக்கு மேல். கின்னஸ் புத்தகம் அந்தப் பெயரை எழுதிக்கொண்டது.

1971இல் மன்னார்க் கரையிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப் போய், திரும்பவும் நீந்தியே வந்து, 51 மணித்தியாலத்தில் பாக்கு நீரிணையை இருதரம் கடந்தவரும் இவரேதான். அந்த நீச்சலைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கோ அந்தச் சைக்கிள் ஓட்டம்தான் பெரிது. நீந்துகிறவனுக்கு முன்னால் ஒரு கரை இருக்கிறது. அதைத் தொட்டால் முடிந்தது. பூங்காவைச் சுற்றுகிறவனுக்கு ஏது கரை? அதே மரம், அதே வளைவு, அதே வேலி. ஏழு நாளுக்கும் மேலாக அதே காட்சி. ஒவ்வொரு சுற்றும் முடியும்போது “இது காணும், இறங்கு” என்று உடம்பு கெஞ்சியிருக்கும். இறங்கினால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அந்த மனிதர் இறங்கவில்லை.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார். அந்தத் தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு 13 கிலோமீற்றர்கூட வராது. ஆரையம்பதிச் சந்தைக்குப் போகிற பெரியவர் தன் பழைய லுமாலா சைக்கிளில் போகிற வேகம் அது. ஒரு உலக சாதனையின் வேகம் அவ்வளவுதான்!

தம்பி, தங்கச்சி, நான் சொல்ல வந்ததும் இதைத்தான். நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம் உன்னிடம் வேகத்தைக் கேட்கவில்லை. விலையுயர்ந்த சைக்கிளைக் கேட்கவில்லை. விடாமல் மிதிக்கிற மனத்தைக் கேட்கிறது. அந்த மனம் மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வீட்டுக்கு வீடு கிடக்கிறது. எடுத்துப் பயன்படுத்தத்தான் ஆளில்லை.

உலகத்தின் மிகப் பழைய நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டங்களில் ஒன்று பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். 1891இல் பியர் ஜிஃபார் என்ற பத்திரிகையாளர் தொடங்கிவைத்தது. பாரிஸிலிருந்து அத்திலாந்திக் கரையிலுள்ள பிரெஸ்ட் துறைமுகம் வரை போய்த் திரும்பவேண்டும். மொத்தம் 1,200 கிலோமீற்றர். முதல் ஓட்டத்தில் வென்ற சார்ள் தெரோன் 71 மணி 22 நிமிடத்தில் திரும்பினார். அன்றைய சைக்கிள் எப்படி இருந்திருக்கும், அன்றைய வீதி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். தொழில்முறை ஓட்டக்காரர்களின் போட்டி 1951உடன் நின்றுபோனது. ஆனால் 1931இல் சாதாரண மனிதர்களுக்கென்று திறந்த கதவு இன்றும் திறந்தே இருக்கிறது. ‘ஓடாக்ஸ் கிளப் பரிசியன்’ என்ற கழகம் அதை நான்கு ஆண்டுக்கொருமுறை நடத்துகிறது. கடைசியாக 2023 ஓகஸ்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓடினார்கள். அடுத்தது 2027இல். ஆசிரியர்கள், தாதிமார், தபால்காரர்கள், ஓய்வூதியம் எடுக்கிற தாத்தாமார் எல்லோரும் ஓடுகிறார்கள். முதலாம் இடம், இரண்டாம் இடம் என்று எதுவும் இல்லை. 90 மணித்தியாலத்துக்குள் திரும்பியவர் எல்லோரும் வென்றவர்கள்.

அதில் நுழைய ஒரு வாசல் உண்டு. ஓட்டம் நடக்கும் அதே ஆண்டில், அந்தக் கழகம் ஏற்றுக்கொண்ட நான்கு ஓட்டங்களை முடித்துக் காட்டவேண்டும். அவற்றுக்குப் பெயர் ‘பிரெவே’. 200 கிலோமீற்றரை 13 மணி 30 நிமிடத்தில், 300ஐ 20 மணியில், 400ஐ 27 மணியில், 600ஐ 40 மணியில் முடிக்கவேண்டும். வழியில் சாவடிகள் இருக்கும். கையில் ஒரு அட்டை இருக்கும். ஒவ்வொரு சாவடியும் மூடுவதற்குள் போய் முத்திரை வாங்கவேண்டும். பின்னால் உதவி வாகனம் வரக்கூடாது. டியூப் வெடித்தால் நீதான் ஒட்டவேண்டும். இருட்டினால் உன் விளக்குத்தான் துணை. நான்கையும் ஒரே ஆண்டில் முடித்தவருக்கு ‘சூப்பர் ரான்டோனர்’ என்று பெயர். முந்திய ஆண்டிலேயே நீண்ட பிரெவே ஒன்றை முடித்துவைத்தவருக்கு முன்பதிவில் முன்னுரிமையும் உண்டு.

அந்த நேரங்களைத் திரும்பப் பார். எதை வகுத்தாலும் மணிக்கு ஏறத்தாழப் பதினைந்து கிலோமீற்றர்தான் வருகிறது. சாப்பிடுகிற நேரம், டியூப் ஒட்டுகிற நேரம், கண்ணயர்கிற நேரம் எல்லாம் சேர்த்து!

இந்த வேகத்தை எங்கள் சனத்துக்குப் பாரிஸ் வந்து கற்றுக்கொடுக்கவேண்டுமா? களுவாஞ்சிகுடிக் கரையில் விடியற்காலை மீன் எடுத்து, கரியரில் பெட்டி கட்டி, பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளிப் பக்கத்து ஊர்களெல்லாம் கூவி விற்று, வெயில் ஏறத் திரும்பி வந்த மனிதர்களை இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. படுவான்கரைக் காட்டு விறகைத் தலைக்கு மேல் உயரமாகக் கட்டி, ஏறி ஓட்ட இடமில்லாமல் உருட்டியே நகரத்துக்குக் கொண்டுவந்த தகப்பன்மாரைப் பார்த்திருக்கிறது. போர்க்காலத்தில் சாவடிக்குச் சாவடி இறங்கி, சைக்கிளைச் சோதனைக்குக் கொடுத்து, திரும்ப ஏறி மிதித்தவர்கள் அவர்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் படகில் ஏற்றித்தான் சைக்கிள்கள் வாவியைக் கடந்தன. 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே நின்றபோது, தூசு தட்டி வெளியே எடுத்ததும் அதே சைக்கிளைத்தான். இவ்வளவையும் செய்த சனம், “எங்களுக்கு இதெல்லாம் ஏலாது” என்று சொல்வதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் அப்பா செய்ததற்கு அட்டை இல்லை, முத்திரை இல்லை, பதக்கம் இல்லை. அதனால் அது சாதனை இல்லை என்று ஆகிவிடுமா?

கதிர்காமத்துக் கொடியேற்றக் காலத்தில் வீதிக்கு வந்து நில். செல்வச்சந்நிதியில் புறப்பட்ட பாதயாத்திரை வெருகல், சித்தாண்டி, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று நடந்து யால காட்டுக்குள் இறங்குகிறது. அதில் அறுபதும் எழுபதும் தாண்டிய அம்மம்மாமார் வெறுங்காலோடு நடக்கிறார்கள். விடியுமுன் எழும்பு, வெயில் ஏறுமுன் நட, மர நிழலில் படு, மாலையில் திரும்ப நட. நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டக்காரனுக்கு உலகின் பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுக்கிற ஒழுங்கும் இதுவேதான். அம்மம்மாவிடம் கேள். அவருக்கு எல்லாம் தெரியும்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். மட்டக்களப்பில் இருக்கிறவனுக்கு வீதி ஒரு வரம். கல்லடிப் பாலத்தில் புறப்பட்டு எழுவான்கரை வழியே தெற்கே போனால் கல்முனை ஏறத்தாழ 40 கிலோமீற்றர். போய்த் திரும்பினால் 80. முதல் இலக்கு அது. அடுத்தது அக்கரைப்பற்று, போகவர 130 வரும். அதற்கடுத்தது பொத்துவில், போகவர 200ஐத் தாண்டிவிடும். ஆக, முதலாவது பிரெவேயின் தூரத்தை உன் வீட்டு வாசலிலிருந்தே ஓடிப் பார்க்கலாம், ஒரு மேடுகூட ஏறாமல். வடக்கே திருகோணமலை வீதியில் வாகரை, வெருகல் கடந்து, திருமலையும் தாண்டி நிலாவெளி வரை போய்வந்தால் 300. ஒரு காலத்தில் ஓடத்துக்குக் காத்திருந்து கடந்த ஆற்றுவாய்களுக்கெல்லாம் இப்போது பாலம் வந்துவிட்டது. வீதி தயார். நீ தயாரா?

ஒரே கிழமையில் தூரத்தை இரட்டிப்பாக்காதே. உற்சாகத்தில் பாய்ந்தவர்களின் முழங்கால்தான் முதலில் போகிறது. கிழமைக்குப் பத்துப் பதினைந்து வீதம் கூட்டு; நான்காவது கிழமை குறைத்து ஓடு. இருக்கையின் உயரத்தைச் சரிசெய். குதிக்காலைப் பெடலில் வைத்து அதைக் கீழே இறக்கினால் கால் நேராக நிற்கவேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்று மடங்கியிருக்கும். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் அண்ணன் சைக்கிளை அண்ணன் உயரத்திலேயே ஓட்டுகிறார்கள். ஒரு சாவி போதும் அதை மாற்ற. கண்ணைக் கட்டிக்கொண்டு டியூப் மாற்றப் பழகு. வாகரைக்கு அப்பால் நள்ளிரவில் டயர் இறங்கினால் அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

மலை இல்லாத ஊரில் இருந்து எப்படிப் பிரான்ஸ் மேடுகளை ஏறுவது என்று கேட்பாய். நியாயமான கேள்வி. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் வழியின் ஏற்றங்களைக் கூட்டினால் ஏறத்தாழ 12,000 மீற்றர் வரும். கடல்மட்டத்திலிருந்து பிதுருதலாகலை உச்சிக்கு ஐந்து தரம் ஏறுவது மாதிரி. ஆனால் சமதரை உனக்குக் கற்றுத்தருவதை மலைநாட்டான் அறியமாட்டான். அவனுக்கு ஏற்றம் முடிந்தால் இறக்கம். இறக்கத்தில் கால் ஆறும். உனக்கு இறக்கமே கிடையாது. ஒவ்வொரு நிமிடமும் மிதித்தே ஆகவேண்டும். அதோடு எங்களுக்குக் கச்சான் இருக்கிறது. வைகாசிக்குப் பிறகு மேற்கிலிருந்து காய்ந்து வீசும் அந்தக் காற்றுக்கு முகம் கொடுத்து வவுணதீவிலிருந்து ஆயித்தியமலை, உன்னிச்சைப் பக்கம் ஒரு பகல் ஓடிப்பார். கண்ணுக்குத் தெரியாத மலை அது, உச்சியும் இல்லாத மலை. கச்சானோடு சண்டை பிடிக்காதே. கியர் இருந்தால் இளக்கு. இல்லாவிட்டால் உடம்பைத் தாழ்த்து, மூச்சை ஒழுங்காக்கு, வேகம் பத்தாகக் குறைந்தாலும் மிதித்துக்கொண்டே இரு. அதற்குப் பிறகு உண்மையான மலை தேவையென்றால் செங்கலடியில் திரும்பு. பதுளை வீதி கரடியனாறு, மகாஓயா, பிபிலை வழியாக லுணுகலை, பசறை மலைகளுக்கு உன்னை ஏற்றிவிடும்.

சாப்பாட்டில் ஏமாறாதே. வெளிநாட்டுப் பொதிகளில் வருகிற இனிப்புக் கூழ் இல்லாமல் இந்த ஓட்டம் முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. மணிக்கு ஏறத்தாழ 60 கிராம் மாவுச்சத்து உடம்புக்கு வேண்டும். இரண்டு வாழைப்பழமும் ஒரு துண்டு பனங்கட்டியும் அதைத் தந்துவிடும். நீண்ட தரிப்பில் புட்டும் வாழைப்பழமும் தயிரும். வழியில் எள்ளுருண்டை, கச்சான் கடலை, இளநீர். பசிக்குமுன் சாப்பிடு. பசித்த பிறகு சாப்பிட்டால் அந்தச் சத்து காலுக்கு வந்துசேர நேரமெடுக்கும். அதற்குள் மனம் சோர்ந்துவிடும். வெறும் தண்ணீரை மட்டும் லீற்றர் கணக்கில் குடிக்காதே. வியர்வையில் உப்புப் போகிறது. உப்பில்லாமல் தண்ணீர் மட்டும் நிறைந்தால் தலை சுற்றும், வாந்தி வரும், உயிராபத்தும் உண்டு. மருந்துக்கடையில் விற்கிற ஜீவனிப் பொட்டலம் சில சட்டைப்பையில் இருக்கட்டும்.

இந்த ஓட்டங்களில் பலர் தோற்பது வீதியில் அல்ல, தேத்தண்ணிக் கடை வாங்கில்தான். 600 கிலோமீற்றரை மணிக்கு 20 வேகத்தில் ஓடினால் மிதிக்கிற நேரம் 30 மணித்தியாலம். மிச்சம் பத்து மணித்தியாலம் உன் சொத்து. பத்து இடத்தில் அரை மணித்தியாலம் வீதம் கதைத்துக்கொண்டு இருந்தால் பாதிச் சொத்து கரைந்துபோகும், தூங்கும் நேரம் சுருங்கிவிடும். இறங்குமுன்னே முடிவெடு: தண்ணீர் நிரப்பவேண்டும், சாப்பாடு வாங்கவேண்டும், முத்திரை வாங்கவேண்டும். முடிந்ததும் ஏறு. சேமித்த நேரத்தில் இரண்டு மூன்று மணித்தியாலம் நிம்மதியாகப் படு.

தூக்கத்தோடு மட்டும் வீரம் காட்டாதே. கண் செருகினால் உடனே இறங்கு. கோயில் மண்டபத்திலோ பஸ் தரிப்பிடத்திலோ இருபது நிமிடம் படுத்தால் உடம்பு திரும்ப வரும். முன்னுக்கும் பின்னுக்கும் நல்ல விளக்கு, ஒளி தெறிக்கும் மேலங்கி, தலைக்கவசம் இல்லாமல் இருட்டில் வீதிக்கு வராதே. புணானை, வெலிக்கந்தைப் பக்கமும் மகாஓயாக் காட்டு வீதியும் யானை நடமாடும் இடங்கள். அவற்றைப் பகலில்தான் கடக்கவேண்டும். ஓட்டம் தொடங்குமுன் வைத்தியரிடம் இருதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் காட்டிவிட்டு வா. துணிவு என்பது உயிரை மதிப்பவனுக்குத்தான் அழகு.

முதல் தரம் முடியாமல் போகலாம். போகட்டும்! அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கிற ‘ரேஸ் அக்ரோஸ் அமெரிக்கா’ ஏறத்தாழ 4,800 கிலோமீற்றர். தனியாக ஓடுகிறவருக்குப் பன்னிரண்டு நாள்தான் அவகாசம். இந்திய இராணுவ வைத்தியர் ஸ்ரீனிவாஸ் கோகுல்நாத் 2016இல் அதில் இறங்கினார், முடிக்க முடியவில்லை. 2017இல் திரும்பப் போனார். பன்னிரண்டு நாள் முடிய இன்னும் சில மணித்தியாலம் இருக்கும்போது கோட்டைத் தொட்டார். அதைத் தனியாக முடித்த முதல் இந்தியர் அவர். நாக்பூர் அமித் சமர்த்தும் அதே ஆண்டு அவருக்குப் பின்னாலேயே வந்து முடித்தார். முதல் தோல்வியோடு கோகுல்நாத் வீட்டில் இருந்திருந்தால் இன்று அவர் பெயரை நான் எழுதியிருக்கமாட்டேன்.

தங்கச்சி, இதெல்லாம் ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு என்று ஒதுங்காதே. 2019இல் ஐரோப்பாவைக் குறுக்காகக் கடக்கும் ‘டிரான்ஸ்கொன்டினென்டல்’ ஓட்டத்தில் ஃபியோனா கோல்பிங்கர் என்ற 24 வயது ஜேர்மன் பெண், 4,000 கிலோமீற்றரைப் பத்து நாளும் சில மணியுமாக முடித்து, ஆண்கள் அத்தனை பேரையும் பின்னால் விட்டு முதலாவதாக வந்தார். அதற்கு முன் அவர் அப்படியொரு ஓட்டத்தில் ஓடியதே இல்லை. தூரம் கூடக்கூட, தசைப்பலத்தின் பங்கு குறைந்து பொறுமையின் பங்கு கூடுகிறது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து வெயிலிலும் மழையிலும் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் மிதிக்கிற பிள்ளைக்குப் பொறுமையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. உன் அம்மா அப்பாவுக்கு ஒரு வார்த்தை: மகள் அதிகாலையில் சைக்கிள் எடுத்தால் தடுக்காதீர்கள். கூடவே ஒரு சைக்கிளில் நீங்களும் போங்கள்.

காசு வேண்டும், மறைக்கமாட்டேன். கடவுச்சீட்டு, விசா, விமானச் சீட்டு எல்லாம் ஒரு மீனவக் குடும்பத்துக்கு மலைதான். அதைப் படிப்படியாக ஏறலாம். 200 கிலோமீற்றரை ஊரிலேயே ஓடிப் பழகலாம், அதற்குச் செலவில்லை. பிறகு கடல் தாண்டினால் சென்னையும் கோயம்புத்தூரும் இருக்கின்றன. அங்கே பிரெவேக்கள் நடக்கின்றன, எங்கள் மொழியில் கதைத்து ஓடலாம். தமிழ்நாட்டிலிருந்து போய்ப் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓடியவர்கள் இருக்கிறார்கள். ஓட்டத்துக்குக் காபன் சைக்கிள் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பிறேக் பிடிக்கவேண்டும், விளக்கு எரியவேண்டும், மனிதன் மிதிக்கவேண்டும்.

பாரிஸில் இருக்கிற எங்கள் உறவுகளே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். 2019இலும் 2023இலும் ஓட்டம் புறப்பட்ட றம்பூயே நகரம் உங்கள் லாச்சப்பல் கடைத்தெருவிலிருந்து 50 கிலோமீற்றர் அளவுதான். மட்டக்களப்பிலிருந்து ஒரு பிள்ளை தகுதி பெற்று வந்தால் அவனுக்கோ அவளுக்கோ தங்க ஒரு அறையும், புறப்படுமுன் ஒரு நேரச் சோறும் கொடுங்கள். ஊர்க் கோயிலுக்கு மணி வாங்கித் தருகிற கை அதற்கும் நீளட்டும்.

பாடசாலை விளையாட்டு ஆசிரியர்களே, விளையாட்டுக் கழகத் தலைவர்களே! ஆண்டுக்கொரு 200 கிலோமீற்றர் நாள் நடத்துங்கள். பொத்துவில் போய்த் திரும்பட்டும். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் ஒரு மேசை, ஒரு தண்ணீர்க் குடம், ஒரு முத்திரை போதும். முடித்த பிள்ளையின் அட்டையில் நேரத்தை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். இந்த மண்ணில் யாரும் தங்கள் தகப்பனின் மிதிப்புக்குக் கொடுக்காத அந்தச் சான்றை, பிள்ளைக்காவது கொடுங்கள்.

தம்பி, தங்கச்சி, வருகிற ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை வைக்காதே. சனி இரவே காற்று அடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, இரண்டு போத்தல் தண்ணீர் நிரப்பி வை. காலை நாலரைக்குக் கல்லடிப் பாலத்துக்கு வா. கல்முனை போய்த் திரும்பு. 80 கிலோமீற்றர். உச்சி வெயிலுக்கு முன் வீடு வந்துவிடலாம். அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம் தூரம் போ.